காதுக்குத் தெரிந்தது விரலுக்கு வரும் வரை

“இந்த வயசுல வருமா?” நாற்பதைத் தாண்டிய பிறகு கிதாரைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் இப்படிக் கேட்கிறவர்கள் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ மணலி, எண்ணூர் ஆலைகளிலோ ஷிஃப்ட் பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். பிள்ளைகள் படித்து முடிக்கப் போகிறார்கள், கடன் ஓரளவு அடங்கிவிட்டது. பள்ளிக்கூட நாளில் ஆசைப்பட்டு, காசில்லாமலோ நேரமில்லாமலோ விட்டுப்போன ஒன்று இப்போது திரும்பி வந்து மனசுக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

வரும் என்பதுதான் பதில். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் மூன்றாவது வாரத்தைத் தாண்டிவிட முடியாது. எது சீக்கிரம் வரும், எது தாமதமாகும், ஏன் தாமதமாகும் என்று தெரிந்தவர்தான் தாண்டுவார்.

இசைக்கருவி கற்பதில் மூன்று தரப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது: காது, கை, கருவி. சிறுவனுக்கு இவற்றில் காதும் கையும் ஒன்றாகவே வளர்கின்றன. தன் வாசிப்பு எவ்வளவு தடுமாறுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது, அதனால் சந்தோஷமாக வாசிப்பான். பெரியவரின் நிலைமை வேறு. முப்பது நாற்பது வருஷம் பாட்டுக் கேட்ட காது அவருடையது. சுருதி விலகினால் முகம் சுளிக்கும், தாளம் தப்பினால் உடனே பிடித்துவிடும். கையோ நேற்றுப் பிறந்த கை. காதுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தூரத்தைத்தான் அவர் ‘எனக்கு ஞானம் இல்லை’ என்று எண்ணிக்கொள்கிறார். உண்மை நேர்மாறானது. தன் வாசிப்பு நன்றாக இல்லை என்று ஒருவருக்குக் கேட்கிறது என்றால் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது என்று பொருள். மீதி இருப்பது காது நிற்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை.

இந்த ஊர்க் காது

வட சென்னையில் வளர்ந்த காது வெறுங்காது இல்லை. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகள் திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று இன்றும் மேடைகளில் பாடப்படுகின்றன. அவருடைய சீடர் வீணை குப்பய்யர். குப்பய்யரின் மகன் ஊர்ப்பெயராலேயே திருவொற்றியூர் தியாகய்யர் என்று அறியப்பட்டவர். ராயபுரத்துக்குத் தெற்கே ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்க ஊரின் பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே மெட்டு வைத்த தண்டியின் மேல் தந்தியை அழுத்தி ஸ்வரம் எழுப்புகிற கலை இந்தப் பகுதிக்குக் கிதாரோடு வந்து சேர்ந்ததல்ல.

கிதார் வேறு வழியாக வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. ரயில்வே வேலையைச் சுற்றிப் பெரம்பூரிலும் ராயபுரம் பக்கத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் வீட்டு விசேஷங்களில் பியானோவும் கிதாரும் சாதாரணம். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வழிபாட்டை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்ததும், தமிழ்ப் பூசையோடு பாடகர் குழுவுக்குள் கிதாரும் நுழைந்தது. படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம் இருக்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு நாலு கார்டு வாசிக்கிற பையன் எல்லாத் தெருவிலும் ஒருவனாவது இருப்பான்.

இவை இரண்டுக்கும் அடியில் கானா ஓடுகிறது. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் டோலக்கும் சட்டியும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடிய பாட்டு அது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்குத் தாளம் உடம்பிலேயே ஏறியிருக்கும். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றினார்கள். கானாப் பாடகர்களின் குரலும் பறையும் சட்டியும் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. வட சென்னையின் பாட்டுக்குக் கிதார் அந்நியமில்லை என்பதை அந்த மேடை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

ஆகவே இங்கே கிதார் தொடங்குகிற பெரியவரிடம் தாளமும் இருக்கிறது, சுருதியும் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் பாட்டும் இருக்கிறது. இனிக் கருவியைப் பார்க்கலாம்.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள்

புதிதாகக் கற்பவர் தன் விரலின் குற்றம் என்று நினைத்துக்கொள்வதில் பெரும்பங்கு கிதாரின் குற்றம். விலை குறைந்த கிதார்கள் கடையிலிருந்து வரும்போதே தந்தி உயரமாக இருக்கும். இதை ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின், அதாவது மெட்டின், மேல் ஆறாவது தந்தி, அதாவது தடித்த தந்தி, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் நல்லது. நாலு மில்லிமீட்டர் நின்றால் தேர்ந்தவருக்கே கை வலிக்கும்.

அதைவிட அதிகம் படுத்துவது தலைப்பக்கம் இருக்கிற நட். தந்திகள் உட்காருகிற அந்தச் சின்னப் பட்டையில் பள்ளம் போதிய ஆழம் வெட்டாமல் விட்டிருப்பார்கள். இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தந்தியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தலைமுடி கனம் இருந்தால் போதும். காகிதத்தை நாலாக மடித்து உள்ளே விடலாம் என்றால் நட் உயரமாக இருக்கிறது. கிதார் பழுது பார்க்கிறவர் சிறு அரத்தால் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடுவார். புது கிதார் வாங்குகிற காசு வேண்டாம், இந்தச் செலவு ஒன்று போதும்.

அடுத்தது தந்தியின் கனம். அக்கூஸ்டிக் கிதாருக்குச் சாதாரணமாகப் போடுகிற 12 முதல் 53 வரையிலான செட்டில் ஆறு தந்தியும் சேர்ந்து மரத்தை இழுக்கிற விசை 70 கிலோவுக்கு மேல். 10இல் தொடங்குகிற மெல்லிய செட் போட்டால் இழுவிசையும் குறையும், விரல் கொடுக்க வேண்டிய அழுத்தமும் குறையும். சத்தம் கொஞ்சம் மெலியும். முதல் ஆறு மாதத்துக்கு அது ஒரு இழப்பே இல்லை.

கடலோரத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே இருக்கும். ஈரம் ஏறினால் கிதாரின் மேல்பலகை உப்பும், அது தந்திகள் தங்கி நிற்கிற பாலத்தைத் தூக்கும், தந்தி இன்னும் உயரும். ஐப்பசி கார்த்திகை மழையில், புரட்டாசி வரை நன்றாக இருந்த கிதார் திடீரென்று கடினமாகிவிட்டதாகத் தோன்றினால் காரணம் இதுதான். உப்பு எஃகுத் தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த தந்தி விரலை அறுக்கும், சுருதியிலும் நிற்காது. இதைத் தடுக்க ஒரு பழைய பருத்தித் துணி போதும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் துணிக்குள் பிடித்து மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை துடைத்து, கிதாரை உறைக்குள் வையுங்கள். சுவரில் மாட்டுவது அழகுதான், ஆனால் அந்த அழகு இந்த ஊர்க் காற்றுக்கு ஒத்துவராது.

விரல் நுனி

கருவி சரியானாலும் முதல் சில வாரம் இடது கை விரல் நுனி எரியும். மூட்டை தூக்கியும் ஸ்பானர் பிடித்தும் காய்த்துப்போன கை என்றாலும் எரியும். அந்தக் காய்ப்பு உள்ளங்கையில் இருக்கிறது. தந்தி பதிவது விரலின் முனையில், நகத்துக்குச் சற்றுக் கீழே. அந்த இடம் வேறெந்த வேலைக்கும் பயன்பட்டதில்லை. தினமும் கொஞ்ச நேரம் உராய்வு பட்டால் தோலின் மேலடுக்கு தானாகத் தடிக்கும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வாசித்தால் தோல் தடிக்காது, புண்ணாகும். ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்று இருக்கும், அதில் தந்தி ஆழமாக இறங்கும். ஐஸும் மீனும் அள்ளிவிட்டு வந்தவரோ, குளித்துவிட்டு வந்தவரோ கை நன்றாகக் காய்ந்த பிறகு உட்கார்ந்தால் வலி குறையும்.

எங்கே அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், ஒலியும் கரகரக்கும். அடுத்த கம்பியை ஒட்டி, அதன் மேல் ஏறாமல், அதன் பின்னாலேயே விரலை வைத்தால் பாதி பலத்தில் சுத்தமான ஒலி வரும். காரணம் எளிது. தந்தியை நிறுத்துவது விரல் இல்லை, கம்பி. கம்பியின் மேல் தந்தி படிகிற அளவுக்கு அழுத்தினால் போதும்.

முழு நீளக் கிதாரில் தந்தியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிப்பதால் ஃப்ரெட்டுகள் தலைப்பக்கம் அகன்றும் உடல்பக்கம் நெருங்கியும் இருக்கும். முதல் ஃப்ரெட்டின் அகலம் 36 மில்லிமீட்டர், பன்னிரண்டாவதன் அகலம் 19. ஆனால் புதியவருக்குச் சொல்லித்தருகிற கார்டுகள் எல்லாம் தலைப்பக்கத்து அகன்ற ஃப்ரெட்டுகளில்தான் இருக்கின்றன. விரிந்து பழகாத பெரியவர் விரலுக்கு இது முதல் நாளே பெரிய சோதனை. இதற்கு, ஆறு தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கிற கேப்போ என்ற கவ்வி நல்ல மருந்து. மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அடுத்த ஃப்ரெட் 31 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். உயரமான நட்டின் தொல்லையும் போய்விடும். அதே கார்டு, அதே விரல், கஷ்டம் பாதி. கை பழகப் பழகக் கேப்போவை ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறக்கிக் கடைசியில் எடுத்துவிடலாம்.

கார்டு மாறுவது

தனித்தனியாகக் கார்டு பிடிக்க ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்தான் மாதங்கள் போகின்றன. இங்கே பலமோ வேகமோ உதவாது. எந்த விரல் நகர வேண்டும், எது நகர வேண்டாம் என்று பார்க்கிற கண்தான் உதவும்.

ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நாலாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் இருக்கின்றன. சி மேஜரில் ஆள்காட்டியும் நடுவிரலும் அதே இடத்தில்தான். மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். ஆனால் புதியவர் செய்வது என்ன? மூன்று விரலையும் தூக்கிவிட்டு, காற்றில் தேடி, மறுபடி ஒவ்வொன்றாக வைக்கிறார். இரண்டு விரலை ஒட்டவைத்தது போல விட்டுவிட்டு மோதிர விரலை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக, போகவும் வரவும் பழக்கினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

மெதுவாகப் பழக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். வேகமாகத் தடுமாறினால் தடுமாற்றம்தான் பதியும். பதிவதற்கு உறக்கமும் வேண்டும். 2002இல் மேத்யூ வாக்கரும் அவர் சகாக்களும் ‘நியூரான்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், விரலால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் இரவு தூங்கி எழுந்ததும், இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே, சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். பகலில் விழித்தபடி அதே அளவு நேரம் கழித்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு வந்தவர், படுப்பதற்கு முன் பதினைந்து நிமிஷம் கார்டு மாறப் பழகினால் அந்தத் தூக்கமும் பயிற்சியில் சேரும்.

வயது பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில், தந்தி வாத்தியக்காரர்களின் இடது கை விரல்களுக்கு மூளையில் அதிக இடம் ஒதுங்கியிருப்பதைக் காட்டினார்கள். சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இருந்தது. முன்னதாகத் தொடங்கினால் லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிறகு தொடங்கினால் ஒன்றும் நடக்காது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உளவியல் பேராசிரியர் கேரி மார்கஸ், நாற்பதை நெருங்கும்போது, தாளமே பிடிபடாதவர் என்று பெயரெடுத்திருந்த நிலையில் கிதாரைத் தொடங்கினார். அந்த அனுபவத்தையும் கற்றல் பற்றிய அறிவியலையும் சேர்த்து 2012இல் ‘கிதார் ஸீரோ’ என்ற நூலாக எழுதினார். பெரியவர்களால் முடியாது என்று நம்பப்படுவதற்குச் சான்று மெலிது, சிறுவர்களுக்கு இருக்கிற நேரமும் விடாப்பிடியும் பெரியவர்களுக்கு அமைவதில்லை என்பதே பெரிய வித்தியாசம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வலது கையில் ஊர்த் தாளம்

கற்கிறவர் கவனம் எல்லாம் இடது கையில் இருக்கும். கேட்கிறவர் காது இருப்பதோ வலது கையில். ஒரு தந்தி ஊமையாகப் போனால் யாருக்கும் தெரியாது, தாளம் நின்றால் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கார்டு வந்து சேராவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது. திறந்த தந்தியையாவது மீட்டிக்கொண்டு போக வேண்டும். இடது கை அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்ளும்.

புத்தகங்கள் ஸ்ட்ரம்மிங்கை நாலு எண்ணிக்கையில் தொடங்குகின்றன. இங்கே வளர்ந்தவருக்கு வேறு வாசல் இருக்கிறது. டப்பாங்குத்தின் நடை மூன்று மூன்றாக ஓடுகிற திஸ்ரம். தகிட தகிட என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘த’வில் கட்டை விரலால் தடித்த தந்தி ஒன்று, ‘கி’யிலும் ‘ட’விலும் மெல்லிய மூன்று தந்திகளையும் சேர்த்து லேசாக. முதலில் மெதுவாக, பிறகு டோலக்கின் வேகத்துக்கு. நாலு எண்ணிக்கையில் வாரக்கணக்கில் திணறியவர்கூட இந்த நடையில் கையை ஓடவிட்டுவிடுவார், ஏனென்றால் இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த நடை. நாலு எண்ணிக்கை அதற்குப் பிறகு தானாக வசப்படும்.

ஸ்வரத்தின் வழியாக

கிதாரின் ஆறு தந்திகளுக்குத் தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று பெயர். தடித்த தந்தி நொடிக்கு 82.4 தடவை அதிர்கிறது, மெல்லிய தந்தி 329.6 தடவை. சரியாக நாலு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி. ஒரு தந்தியை ஸ என்று வைத்துக்கொண்டால் அதற்கு அடுத்த மெல்லிய தந்தி அதன் சுத்த மத்யமம். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையில் மட்டும் ஸ, அந்தர காந்தாரம் என்கிற உறவு. அந்த ஒரு இடத்தை ஒரு படி குறைத்ததால்தான் கார்டுகள் நாலு விரலுக்குள் அடங்குகின்றன. ஸ, ம என்று பாடத் தெரிந்தவருக்கு ட்யூனர் காட்டுகிற எண் சரியா என்று தன் காதாலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

கார்டிலும் இதே கதை. ஜி, சி, டி என்கிற மூன்று கார்டும் ஜி சுருதிக்கு ஸ, ம, ப. நம் பக்கத்து மெல்லிசைப் பாட்டுகளில் பல இந்த மூன்றுக்குள் நின்றுவிடும். இ மைனரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் பல. பாட்டில் எங்கே ‘ஸ’வுக்குத் திரும்புகிறோம் என்று காதுக்குத் தெரியும், அங்கே ஜி. குரல் எடுக்காவிட்டால் கேப்போ இருக்கிறது. ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவர் முதல் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து சி உருவங்களைப் பிடித்தால் சரியாக இருக்கும். முதல் விரல் ஆறு தந்தியையும் படுத்து அழுத்துகிற எஃப் போன்ற பார் கார்டுகளைச் சில மாதம் தள்ளிப்போட்டால் நஷ்டமில்லை.

காது முன்னே போய்க் கை பின்னே வந்ததற்கு நம் கண்முன் இருக்கிற பெரிய உதாரணம் இளையராஜா. 1943இல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராக மேடையில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றதும், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியதும் இருபதுகளின் நடுவைத் தாண்டித்தான். மேடையில் சேர்ந்த காது முதலில் வந்தது, ஏட்டுப் படிப்பு அதன்மேல் பிறகு ஏறியது. ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படங்களின் கிதார் பாட்டுகளைக் கேட்டுத்தான் இன்றைக்கு நாற்பது ஐம்பதில் இருக்கிறவர்கள் இந்த ஆசையையே பிடித்துக்கொண்டார்கள். 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் இசைத்தேர்வுக்குப் பதிவு செய்ய இன்றும் ஆட்கள் வருகிறார்கள். டிரினிட்டி தேர்வுகளுக்கு மேல்வயது வரம்பு இல்லை. தேர்வு எல்லோருக்கும் வேண்டியதில்லை. தேதி குறித்துவிட்டால்தான் உட்காருவேன் என்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு அது உதவும்.

எப்போது மற்றவர்களோடு வாசிப்பது?

நினைப்பதைவிடச் சீக்கிரம். நாலு கார்டும் நிற்காத வலது கையும் வந்துவிட்டால், கோயில் பாடகர் குழுவின் பின்வரிசையிலோ, பாடத் தெரிந்த நண்பன் வீட்டிலோ போய் உட்கார்ந்துவிட வேண்டும். தனியாக வாசிக்கும்போது கார்டு தாமதமானால் பாட்டை நிறுத்திவிடுவோம், அதனால் நிறுத்துவதே பழக்கமாகும். பாடுகிறவர் நமக்காக நிற்க மாட்டார், டோலக்கும் நிற்காது. அந்த ஓட்டத்துக்குள் ஒரு கார்டை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளக் கை கற்கும். வீட்டில் தனியாகப் பழகுவது கைக்குச் சுத்தத்தைத் தரும், இந்தத் துணிச்சலைக் கூட்டம்தான் தரும்.

ஆகவே “வருமா?” என்று கேட்கிறவரிடம் இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் தெருமுனையில் டோலக் கேட்டால் உங்கள் கால் தட்டுகிறதா? தெரிந்த பாட்டை ஒருவர் சுருதி விலகிப் பாடினால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், நாற்பதில் என்ன, அறுபதிலும் தொடங்கலாம். முதல் வேலையாக நட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். மெல்லிய தந்தி போடுங்கள். ஏ மைனரிலிருந்து சி மேஜருக்கு மோதிர விரலை மட்டும் நகர்த்திப் பழகுங்கள்.